சும்மா இருக்கும் கைகள்

கந்தை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன கிழிசலும் வறுமையுமே. கந்தையைக் கசக்கிக் கட்டுமாறு அறிவுரை கூறுவதோடு நம் பழமொழியும் நின்றுவிட்டது. 'கந்தா' என்னும் வடசொல்லின் வழிவந்த இதே சொல் வங்காளத்தில் 'காந்தா' என வழங்குகின்றது. அங்கே அதற்குக் கிடைத்த மதிப்பு வேறு. உடுத்துப் பழையதாகிப்போன சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலைக் கொண்டே ஊசியை மேலும் கீழுமாய் ஓட்டி, அடுக்குகள் அனைத்தும் ஒரே துணியாகும்வரை பெண்கள் தைத்தெடுக்கும் கலைப்பொருள் அது. குளிருக்குப் போர்த்துவதற்கு ஒரு வகை, நூல்களையும் துணிமணிகளையும் பொதிந்து வைப்பதற்கு ஒரு வகை, காசு வைக்கும் சிறு பையாக ஒரு வகை, திருக்குர்ஆனை வைப்பதற்கு உறைபோல் மடித்துத் தைத்த 'கிலாஃப்' என ஒரு வகை. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடலின் நாயகி, தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, தான் மறைந்தபின் அதனைத் தன் கபுறின்மேல் விரித்துவிடுமாறு வேண்டிக்கொள்கின்றாள்.

இலக்கியம் பயில்வோர் இவ்வளவில் நின்று நயம் பாராட்டிவிட்டுப் போகலாம். நாமும் அவ்வாறுதான் போயிருப்போம். போகவிடாமல் நிறுத்தியது ஒரு பை.

சென்ற ஆண்டு நம் துறையின் கருத்தரங்கிற்கு வருவோர்க்கு வழக்கமான ரெக்சின் பையைத் தவிர்த்துக் கைத்தையல் பை வழங்கலாமே என்னும் கருத்து எழுந்தது. ரெக்சின் பையின் ஜிப்பு பிற்பகல் அமர்விற்குள் வாயைப் பிளந்துவிடும் என்பது கருத்தரங்குகளுக்குச் சென்று பழகியவர் அறிந்ததே. நம் பழைய மாணவி ஒருவரின் தாயார் மாதிரிக்கு ஒரு பை தைத்துக் கொண்டுவந்தார். தையற்கடையில் எஞ்சிய ஜாக்கெட் பிட்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்த மேல்துணி, நடுவில் பழைய போர்வை, உள்ளே காடாத்துணி. மூன்றையும் சேர்த்து விரற்கடை இடைவெளியில் வரிவரியாகக் கையால் தைத்திருந்தார். பை கைக்குக் கை மாறியது. பாராட்டாதவர் ஒருவரும் இல்லை.

பின்னர் விலை பேசினோம். ஒரு பைக்கு 80 ரூபாய் தருவதாகக் கூறினோம். அவர் தயங்கியதைக் கண்ட உறுப்பினர் ஒருவர், "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் தைப்பதுதானே, அம்மா" என்றார். அந்த அம்மையார் சினம் கொள்ளவில்லை. "இந்த விலைக்கு மிஷினில் ஓட்டித் தருகிறேன், ஐயா. கையால் ஆகாது" என்று சொல்லி, மாதிரிப் பையை மடித்துத் தம் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். அக்குழுவில் நாமும் இருந்தோம். வாய் திறக்கவில்லை. கருத்தரங்கிற்கு ரெக்சின் பைகளே வந்தன.

அதன்பின் ஒருநாள் அவர் இல்லத்திற்குச் சென்று, பை உருவாகும் முறையைத் தொடக்கம் முதல் இறுதிவரை கண்டோம். முதலில் துணியைக் கஞ்சி போக நனைத்து உலர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் முதற்சலவையில் மேல்துணி ஒரு பக்கமும் உள்துணி மறுபக்கமும் சுருங்கிப் பை கோணிக்கொள்ளும். அடுக்குகளைப் பரப்பியபின் தற்காலிகமாகப் பெருந்தையல் போட்டு நிறுத்துகின்றார். மெய்யான தையல் நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கி வர வேண்டும். விளிம்பிலிருந்து தொடங்கினால் துணி நடுவில் திரண்டு புடைத்துவிடும்; பிரித்தெடுப்பதைத் தவிர வழியில்லை. சுமை தாங்குவது கைப்பிடி என்பதால் அது பொருந்தும் இடத்தில் கட்டம் போட்டு, கட்டத்தின் நடுவே குறுக்காக இரு கோடுகள் தைக்கின்றார். அடிமூலைகளை மடித்துத் தைத்தாலன்றிப் பை தரையில் நில்லாது. உட்புற ஓரங்களில் நூல் பிரியாதிருக்கக் கிராஸ் பீஸ் வெட்டி மூடுகின்றார். அடுப்பில் உலை கொதிக்கும்போதும், லுஹருக்கும் அஸருக்கும் இடையிலும், பிள்ளைகள் உறங்கியபின்னும் நடக்கும் பணி இது. கூட்டிப் பார்த்தால் ஒரு பைக்கு ஏழு மணி நேரம் ஆகின்றது.

நாம் கூறிய 80 ரூபாயில் துணி, நூல் வகைக்கு 35 ரூபாய் கழிந்தால் எஞ்சுவது 45. மணிக்கு 7 ரூபாய்கூட இல்லை. அதே கருத்தரங்கில் மேடைக்கு வந்தோர்க்குப் போர்த்திய பொன்னாடை ஒவ்வொன்றும் அந்தப் பையின் விலையைவிடக் கூடுதல். பொன்னாடைகள் பின்னர் என்ன ஆகின்றன என்பதை அவற்றைப் பெற்றோரின் இல்லத்தார் அறிவர்.

சும்மா என்னும் சொல் தமிழில் ஆழங்காண முடியாத சொல். ஞானியர் வாயில் அது எட்டுதற்கரிய நிலை. குழுக்கூட்டத்தில் அது கூலியைக் குறைக்கும் கருவி. வீட்டுக்குள் நடக்கும் வேலை வேலையாகாது என்னும் எண்ணமே அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றது எனக் கருதுகின்றோம். இவ்வெண்ணத்தைச் சட்டமே மறுத்ததும் உண்டு. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிய பெண்ணையும் தொழிலாளி என ஏற்றது. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் சமுதாயப் பெண்கள் பலர் அவ்வாறு ஏற்கப்பட்டவர்களே. அதே திண்ணையில் ஊசி பிடித்த பெண்ணுக்கு அத்தகைய தனிச்சட்டம் வாய்க்கவில்லை. வீட்டிலிருந்து உழைப்போர்க்கென உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதனை இன்றளவும் ஏற்று உறுதி செய்யவில்லை.

அகமதாபாத்தின் பழைய நகரில், ஆலைகள் கழித்த துண்டுத்துணிகளை இணைத்து மெத்தையுறை தைத்து வந்தோர் பெரும்பாலும் முஸ்லிம் பெண்களே. வணிகர் துண்டுகளைக் கொடுத்து, தைத்ததை வாங்கிக்கொண்டு, உருப்படிக்கு இவ்வளவு என அளந்து கொடுப்பர். இத்தகைய பெண்களுக்காக இலா பட் அம்மையார் 1972-இல் 'சேவா' சங்கத்தைத் தொடங்கியபோது, முதலாளி என ஒருவரைச் சுட்ட இயலாத இவர்கள் எவ்வாறு தொழிற்சங்கம் ஆவர் என்று கேட்டுப் பதிவு செய்யத் தயங்கினர் அதிகாரிகள். அம்மையார் விடவில்லை, சங்கம் பதிவாயிற்று. துண்டுத்துணி தைப்போரும் பின்னர் ஒன்றுகூடிக் கூலி உயர்வு கேட்டனர். தமக்கென ஒரு கூட்டுறவும் கண்டனர். கூலியைக் கேட்பதற்கு முன்னர் அவர்கள் தம் வேலையை வேலை என்று சொல்லக் கற்க வேண்டியிருந்தது.

பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரமே வந்துவிட்டபோது இத்துணை விலை கொடுத்து ஒரு பை எதற்கு என நம் நண்பர் ஒருவர் வினவினார். தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டு ஒருமுறை பயன்படும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தடை விதித்து, 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதை நாம் முழுமனத்துடன் வரவேற்கின்றோம். எனினும் துணிப்பை என்பதனாலேயே அது தூயதாகிவிடாது. பருத்தி விளைவிக்க நீரும் உரமும் மருந்தும் எவ்வளவு செலவாகின்றன என்பதை உழவர் அறிவர். டென்மார்க்குச் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வு, எல்லா வகைப் பாதிப்புகளையும் கணக்கில் கொண்டால் புதிய பருத்திப் பையொன்றை ஆயிரக்கணக்கான முறை பயன்படுத்தினால்தான் அது மெல்லிய ஞெகிழிப் பைக்கு ஈடாகும் என்கின்றது. விழாதோறும் ஒரு துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்குவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். துண்டுத்துணியில் தைத்த பை புதிதாக ஒரு முழம் பருத்தியையும் அதிகம் கேட்பதில்லை. மூன்றடுக்காய் நெருக்கித் தைத்ததால் பல்லாண்டு உழைக்கும். அந்த உழைப்பு, அம்மையார் இட்ட ஏழு மணி நேரத்திலிருந்து வருவது.

பேராசிரியை ஒருவர் எழுப்பிய மறுப்பு இதனினும் வலியது. பெண்களைப் பட்டம் வரை படிக்கவைத்துவிட்டு மீண்டும் கையில் ஊசியைக் கொடுப்பதா என்றார் அவர். இதற்கு எளிதாக விடை சொல்லிவிட நம்மால் இயலவில்லை. நம் மாணவியர் ஆய்வகத்திற்கும் நீதிமன்றத்திற்கும் ஆட்சியர் அலுவலகத்திற்கும் செல்ல வேண்டும் என்பதே நம் விருப்பமும். ஆயினும் அவர்களுடைய தாய்மார் இன்றும் தைத்துக்கொண்டுதான் இருக்கின்றனர். அவர்கள் பெறும் கூலியே பல வேளைகளில் அம்மாணவியரின் தேர்வுக்கட்டணம் ஆகின்றது. மகள் படிக்க வேண்டும் என்போர் தாயின் மணிக்கூலியைப் பேசாதிருப்பது பொருந்தாது. வணிகவியல் பயிலும் மாணவியர் தத்தம் இல்லத்துத் தையலுக்கு நேரக்கணக்கு எழுதிப் பார்க்கலாம். பாடநூலின் அடக்கவிலைக் கணக்கைவிட அது எளிதில் புரியும். ஊர்ப் பெரியவர்கள் திருமண வீடுகளில் தாம்பூலப்பைக்கு விலை பேசும்போது ஒருமுறை இக்கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வாண்டுக் கருத்தரங்கின் வரவு செலவுத் திட்டத்தில் பைக்கெனத் தனியே ஒரு வரி எழுதிக் கொடுத்துள்ளோம். 120 பைகள் வேண்டா. கட்டுரை வாசிப்போர்க்கு மட்டும் 40 பைகள். ஏனையோர்க்குக் குறிப்பேடும் எழுதுகோலும் போதும். துணிச்செலவு தனி, கைக்கூலி ஏழு மணிக்கு, மணிக்கு 50 ரூபாய் வீதம் 350, பாதித்தொகை முன்பணம். ஈடாகப் பொன்னாடைச் செலவு முழுவதையும் நீக்கியிருக்கின்றோம். நிதிக்குழுவினர் பொன்னாடை வரியின் அருகே ஒரு கேள்விக்குறி இட்டுத் திருப்பியனுப்பியுள்ளனர். பையின் வரியில் இதுவரை ஒன்றும் எழுதவில்லை.