சாகோஸ்: உடன்படிக்கை நிற்கட்டும், தீவினருக்கும் இடம் வேண்டும்

மொரீஷியஸ் விடுதலை பெற்றது 1968-ல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பிரிட்டன் அதிலிருந்து சாகோஸ் தீவுக்கூட்டத்தை வெட்டி எடுத்துக்கொண்டது. கொடுத்த விலை 30 லட்சம் பவுண்டு. அக்கூட்டத்தின் டியேகோ கார்சியா தீவில் அமெரிக்கப் படைத்தளம் எழுவதற்காக, 1973-க்குள் தீவினர் எல்லாரையும் வெளியேற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விட்டுவைக்கவில்லை. வாயுவைச் செலுத்திக் கொன்றார்கள்.

இந்தக் காலனியை முடித்துவைக்க எந்த வழி உகந்தது? 2025 மே 22 அன்று கையெழுத்தான பிரிட்டன்–மொரீஷியஸ் உடன்படிக்கையைக் கைவிடக் கூடாது, ஆனால் தீவினரின் ஒப்புதலோடு ஒரு துணை ஒப்பந்தம் அதனுடன் சேர வேண்டும் என்பதே எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு.

வழக்கு வழி ஏற்கெனவே நடந்து பார்த்த வழிதான். மொரீஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி நிறைவடையவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கருத்துரைத்தது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதன் பக்கம் நின்றன. எதிர்த்தவை 6 மட்டுமே. பிரிட்டன் வெளியேற ஆறு மாதக் கெடு. கெடு முடிந்தும் அது அசையவில்லை. ஆலோசனைக் கருத்தை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. பாதுகாப்புச் சபைக்குப் போனால் அங்கே வீட்டோ பிரிட்டனிடமே இருக்கிறது. அதனால் அந்த உழைப்பு வீண் என்போரை மன்றம் ஏற்கவில்லை. அந்த நெருக்கடி இல்லாமல் 2022-ல் லண்டன் பேச்சுக்கு வந்திருக்காது.

இறையாண்மையைத் தீவினரின் வாக்கெடுப்புக்கு விடலாம் என்ற யோசனையும் உண்டு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மொரீஷியஸ், செஷல்ஸ், இங்கிலாந்தின் கிராலி என்று சிதறியிருப்போரில் யார் வாக்காளர் என்று தீர்மானிக்கவே ஆண்டுகள் ஓடும். அதுவரை காலனி நீடிக்கும். நீடித்தால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்கும் தெரியும். 2021-ல் டியேகோ கார்சியாவுக்கு வந்து சேர்ந்த இலங்கைத் தமிழ் அகதிகள் அங்கே மூன்று ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே 2024-ல் சொன்னது.

உடன்படிக்கையில் குறை இல்லாமல் இல்லை. டியேகோ கார்சியா 99 ஆண்டுகள் பிரிட்டனின் பொறுப்பில் தொடரும். அதற்கு ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு கட்டணம். தீவினருக்கென 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி. மற்றத் தீவுகளில் மொரீஷியஸ் மக்களைக் குடியேற்றலாம். டியேகோ கார்சியாவில் முடியாது. இதையெல்லாம் இரண்டு அரசுகள் பேசி முடித்தன, பேச்சுமேசையில் தீவினருக்கு நாற்காலி கிடையாது. கையெழுத்து நாளன்று டியேகோ கார்சியாவில் பிறந்த இரு பெண்கள் லண்டனில் தடையாணை வாங்கினார்கள். சில மணி நேரத்தில் அது நீங்கியது, அன்றே கையெழுத்தும் ஆயிற்று.

ஆகவே துணை ஒப்பந்தத்தில் மூன்று ஏற்பாடுகளை மன்றம் கோருகிறது: உடன்படிக்கையின்படி அமையும் கூட்டு ஆணையத்தில் தீவினருக்கு வாக்குரிமையுள்ள இடம், அறக்கட்டளை நிதியில் அவர்களின் முடிவே இறுதி, சாகோஸின் பெரோஸ் பான்யோஸ், சாலமன் தீவுகளுக்குத் திரும்ப ஆண்டுவாரியான கால அட்டவணை.