ஆய்வுக்கூடத்தின் சாவி யாரிடம்?

மே மாதத்தில் கம்பத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் வருவோர், உத்தமபாளையம், சின்னமனூர் எனச் சாலை நெடுகிலும் பள்ளிகளின் பதாகைகளைக் காணத் தவறார். இயற்பியலில் நூற்றுக்கு நூறு பெற்றவர் இத்தனை பேர் என்ற அறிவிப்பு அவற்றில் தவறாமல் இடம்பெறும். நம் திருச்சபை நடத்தும் பள்ளிகளும் இந்தப் போட்டியில் பின்தங்கவில்லை. அந்த நூறு மதிப்பெண்ணுக்குப் பின்னால் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்று கேட்கத்தான் நமக்குத் துணிவு வரவில்லை.

மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல், பிறப்பால் கல்லூரிப் பாடம். முன்பு புகுமுக வகுப்பு என்ற பெயரில் கல்லூரி வளாகத்தில், கல்லூரி ஆசிரியர்களால், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கப்பட்டது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது அது பள்ளிக்கு இறங்கியது. கிராமத்துப் பிள்ளைக்குத் தன் ஊரருகிலேயே உயர்ந்த பாடம் கிடைத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் பாடம் வந்த வேகத்தில் ஆய்வுக்கூடம் வரவில்லை; தேர்வு மட்டும் முழு அதிகாரத்தோடு வந்து அமர்ந்துகொண்டது.

அமெரிக்காவிலும் பள்ளி மாணவர்க்குக் கல்லூரித் தரத்தில் இயற்பியல் பாடமும் தேர்வும் உண்டு. நல்ல மதிப்பெண் பெற்றவர்க்குப் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாகவே கணக்கில் கொள்கின்றன. பாட நேரத்தில் கால் பங்கு ஆய்வுக்கூடத்தில் செலவாக வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு சோதனையை எவ்வாறு அமைப்பாய், ஏன் அவ்வாறு என்று தேர்விலேயே எழுதச் சொல்கிறார்கள். அங்குள்ளதெல்லாம் சிறப்பு என்று கைதட்ட நாம் வரவில்லை. பணமுள்ள பள்ளிக்கே அங்கும் வசதி மிகுதி. ஆயினும் கல்லூரிப் பாடம் என்றால் கையும் மூளையும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதையாவது அவர்கள் மறக்கவில்லை.

நாம் என்ன செய்தோம்? பதினோராம் வகுப்பு நூலை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு நூலையே இரண்டாண்டு மனப்பாடம் செய்வித்தோம். இயக்கவியலும் வெப்பவியலும் அலைவுகளும் அந்த மூடிய நூலில்தான் இருக்கின்றன. அடித்தளம் இல்லாமல் மாடி கட்டும் இந்த வேலையைத் தடுக்க 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதனை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. பழைய குறுக்குவழி மீண்டும் திறந்திருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாம் அறிந்த ஒரு பள்ளியில் ஆய்வுக்கூடத்தின் பூட்டு, செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புதான் திறக்கப்படும். அளவீடுகளை முந்தைய ஆண்டின் பதிவேட்டிலிருந்து எழுதிக்கொள்வார்கள். தனி ஊசலை ஒருமுறையும் ஆட்டிப் பார்க்காத பிள்ளை, புவியீர்ப்பு முடுக்கத்தை இரண்டு தசம இடம் வரை சரியாக எழுதிச் செய்முறையில் முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடும். பொய் சொல்லாதே என்று மறைக்கல்வி வகுப்பில் கற்பிக்கும் நாமே, பொய்யான அளவீட்டில் கையொப்பம் இடுகிறோம்!

இத்தனைக்கும் நம் பள்ளத்தாக்கே ஓர் ஆய்வுக்கூடம். குமுளி மலைச்சாலையில் ஏறுகிறவர் லோயர்கேம்ப் அருகே மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைக் காண்கிறார். பென்னிகுவிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, அந்தக் குழாய்களில் விழுந்து, மின்னாக்கிகளைச் சுழற்றிவிட்டு நம் நெல்வயலுக்குப் போகிறது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாகி மின்னாற்றலாவதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் காட்டும்? குழாயின் உயரத்தைக் கொடுத்து, அடியில் நீரின் வேகம் என்ன என்று ஓர் ஆசிரியர் கேட்டால் போதும். ஒரு வாரப் பாடம் அதில் இருக்கிறது.

பொட்டிப்புரம் மலையை எடுத்துக்கொள்வோம். அங்கே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஐம்பதாயிரம் டன் காந்தமாக்கப்பட்ட இரும்பைக் கொண்ட கருவி அதற்குத் திட்டமிடப்பட்டது. மலையும் நீரும் என்னாகும் என்று மக்கள் அஞ்சினர், எதிர்ப்பு எழுந்தது, வழக்குகளும் நடந்தன. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அத்தனை ஆண்டு வாதத்தில் நம் பள்ளிகள் என்ன செய்தன என்பதே நம் வினா. 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை முதலில் கண்டறிந்தோருள் கோலார் தங்கச் சுரங்கத்தில் உழைத்த குழுவும் ஒன்று என்பதை எத்தனை மாணவர்க்குச் சொன்னோம்? ஆதரித்தவரும் எதிர்த்தவரும் வதந்தியைக் கொண்டே பேச நேர்ந்ததற்கு, நூற்றுக்கு நூறு பதாகை கட்டிய நாமும் பொறுப்பு.

எல்லாத் தீமைக்கும் நீட் தேர்வே காரணம் என்பார் உண்டு. அத்தேர்வின் அநீதியை நாம் மறைக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் 180 வினா. வினாவுக்கு ஒரு நிமிடம். 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை இருந்ததென்று மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை அவ்வாண்டே நீக்கியது. 2019இல் ஆள்மாறாட்ட வழக்கு முதலில் வெடித்தது நம் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில்தான். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது, உதவிபெறும் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளை விடுபட்டுப் போனது. இவற்றுக்கெல்லாம் குரல் கொடுப்பது நம் கடமை.

ஆனால் நீட் வருவதற்கு முன்பே அந்த ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது அன்றோ? 1984 முதல் நடந்த மாநில நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அடுத்த பத்தாண்டு காலம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே எல்லாமாக இருந்தது. அப்போதாவது பூட்டைத் திறந்தோமா? மனப்பாடத்தை இன்னும் கூர்மையாக்கினோம்.

விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய், பயிற்சி நிலையத்துக்கு இலட்சம் கட்ட இயலாதவள். அவள் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே இயற்பியல், பள்ளி தருவது. ஆகவே பொதுநிலையினராகிய நாம் ஒன்று செய்யலாம். வரும் ஜூன் மாதச் சேர்க்கையின்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்வோம். பதினோராம் வகுப்பு இயற்பியல் எந்தெந்த நாளில் எந்தப் பாடவேளையில் நடக்கிறது என்ற கால அட்டவணையையும் கேட்போம். பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து கேட்டால், சாவியைத் தேடியாவது எடுத்து வருவார்கள்.