குரல்நாணில் ஒரு சிறு கட்டி

நாஞ்சில் நாட்டில் சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடைவிழா என்றால் வில்லுப்பாட்டு இன்றியமையாதது. குடமும் உடுக்கையும் முழங்க, அவற்றுக்கு மேலாகத் தம் குரலை உயர்த்தி அண்ணாவி நள்ளிரவு கடந்தும் கதை பாடுவார். ஒரு கொடை முடிந்தால் அடுத்த ஊர். இவ்வாறு பாடுவோரில் சிலருக்கு ஒரு கட்டத்தில் மேல்சுரம் எட்டாது போகும், குரல் கரகரக்கும், சிலபோது ஒரே குரல் இரண்டாகப் பிரிந்து ஒலிக்கும். வீட்டார் அதைத் தொண்டைக்கட்டு என்று தள்ளிவிடுவர், அல்லது புற்றோ என்று அஞ்சுவர். இரண்டுமல்லாத ஒன்றும் உண்டு. அது குரல்நாணில் தோன்றும் தீங்கற்ற கட்டி.

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. பேசும்போது அவை ஆடவர்க்கு நொடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 முறையும் சேர்ந்து பிரிகின்றன. அவை உராய்ந்து புண்படாதபடி நனைத்து வைப்பது சிறு சுரப்பிகள் தரும் கோழை. அழற்சியாலோ ஓயாத உழைப்பாலோ ஒரு சுரப்பியின் வாய் அடைபட்டால், கோழை வெளியேற வழியின்றித் தேங்கிச் சிறு பையாக உப்பும். மற்றொரு வகையில், நாணின் மேற்றோல் செல்கள் சில அடியில் சிக்கிக்கொள்ளும். அவற்றினின்று உதிர்பவை உள்ளேயே சேர்ந்து வெண்முத்துப் போலத் திரளும். இது பிறவியிலும் அமையலாம். குரலை வருத்தியதாலும் நேரலாம். கட்டியின் அளவு சில மில்லிமீட்டரே. ஆயினும் அது இருக்கும் நாண் விறைத்துவிடுவதால் இரண்டும் ஒத்து அதிர்வதில்லை.

மிளகும் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் தொண்டைக்கு இதம் தருவன, மறுப்பதற்கில்லை. ஆனால் விழுங்குவது உணவுக்குழாய் வழியே இறங்குகிறது; அவ்வேளை குரல்வளை மூடிக்கொள்கிறது. மருந்துச்சாறு கட்டியைத் தொடுவதேயில்லை. கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது. அழுத்திக் கிசுகிசுத்தால் நாண்கள் மேலும் வருந்தும்.

குரல்நாண்களை முதன்முதலில் தெளிவாகக் கண்டு ஆராய்ந்தவர் மருத்துவரல்லர், மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர். 1854-இல் சிறு கண்ணாடியைத் தம் வாய்க்குள் வைத்து, கதிரவன் ஒளியில் தம் குரல்வளையையே பார்த்தார். 101 ஆண்டு வாழ்ந்த அப்பெருமகன் தொடங்கிய வழியில்தான் இன்று காது மூக்கு தொண்டை மருத்துவர் நுண்குழாய்க் கருவியால் நோக்குகிறார். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் அச்சோதனையைத் தள்ளிப்போடலாகாது. புற்று அன்று என உறுதிசெய்யவும் அதுவே வழி.

இரு நாண்களிலும் எதிரெதிரே தோன்றும் காய்ப்பு, ஓய்வாலும் குரற்பயிற்சியாலும் பெரும்பாலும் கரையும். பெரும்பாலும் ஒரு நாணில் மட்டும் அமையும் இக்கட்டி அவ்வாறு எளிதில் கரைவதில்லை. குரலுக்கு இடையூறானால், நுண்ணோக்கி வழியே மேற்றோலைக் கீறி அதை முழுதாக எடுப்பர். பின்னர் மருத்துவர் சொல்லும் நாள்வரை மௌனம். அதன்பின் சிறிது சிறிதாகப் பயிற்சி. அந்தப் பருவத்துக் கொடைகளில் பக்கப்பாட்டுக்காரர் கதை பாடட்டும். அண்ணாவி வீசுகோலை மட்டும் ஏந்தி வில்லடிக்கலாம்.