பிள்ளை பேசட்டும்



மும்பை பரேலில் 1941-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்கு இந்தியாவின் எல்லாத் திசைகளிலுமிருந்து பிள்ளைகள் கொண்டுவரப்படுகிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்முடைய தமிழ்க் குடும்பங்களும் அந்த வரிசையில் நிற்பதுண்டு. மருத்துவர் இந்தியில் பேசுகிறார். தாய்க்கோ தமிழ் மாத்திரமே தெரியும். தகப்பன் வேலைக்குப் போயிருக்கிறார். ஆகவே பள்ளியில் இந்தி கற்ற பத்து வயதுப் பிள்ளையே நடுவில் நின்று மொழிபெயர்க்கிறது. தன் வியாதியின் பெயரைத் தன் தாய்க்குத் தானே அறிவிக்கிறது. பிறகு வீட்டிற்கு ஜெபிக்க வரும் நாம், தாயை வாசலுக்கு அழைத்து, "பிள்ளைக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், அம்மா" என்று மெதுவாய்ச் சொல்லுகிறோம்!

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், இரத்தப் புற்றுநோயால் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு வார்டில் நாட்களைச் செலவிட்டுத் தாம் கண்டதை 1978-இல் நூலாக வெளியிட்டார். ஒருவரும் சொல்லாதிருந்தும் அந்தப் பிள்ளைகள் தங்கள் நிலையை அறிந்திருந்தார்கள். ஆனால் பெற்றோர் கலங்கிவிடுவார்களே என்று அறியாதவர்களைப்போல நடந்துகொண்டார்கள். பெரியவர்கள் பிள்ளையைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டிருக்க, பிள்ளை தன் பாரத்தைத் தனியே சுமந்து பெரியவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நம்முடைய சபைகளில் இந்தத் தனிமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேவன் சுகமாக்குகிறவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; எண்ணெய் பூசி ஜெபிக்கிறவன் நான். ஆயினும் நடப்பதைச் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகமாய்க் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பான்மையான அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற வகைக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கும். ஆனால் முதல் மாதத்தின் முடிவிலேயே பெரும்பாலான பிள்ளைகளின் பரிசோதனையில் நோய் அணுக்கள் காணப்படாமற்போகின்றன. முகம் தெளிகிறது, பசி எடுக்கிறது. உடனே பிள்ளையை மேடையேற்றி, "நான் பூரண சுகம் பெற்றேன்" என்று சாட்சி சொல்ல வைக்கிறோம். மீதி மருந்து, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் அணுக்களுக்காகத்தான். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு வியாதி திரும்பிவரும் ஆபத்து மிக அதிகம்.

இதைக் காட்டிலும் நான் அஞ்சுவது வேறொன்று. கீமோதெரபி பெறும் பிள்ளைக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அப்பொழுது வரும் 100.4 டிகிரி காய்ச்சல், விடியும்வரை காத்திருக்கத் தகாத அவசரநிலை. அந்த நேரமே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்துச் "சுகம் பெற்றேன்" என்ற பிள்ளை, புதன்கிழமை இரவு உடல் சுடும்போது என்ன செய்யும்? தன் விசுவாசம் குறைந்துபோயிற்றே என்று பயந்து, போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். நாம் கற்றுக்கொடுத்த மௌனம் அதன் உயிரையே வாங்கிவிடக்கூடும். சாட்சி சொல்வதற்கு அவசரம் ஏன்? சிகிச்சை முடியட்டும், பிள்ளையே விரும்பினால் சொல்லட்டும்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். வயலில் நின்ற சிறுவன் தன் தலைநோவைத் தகப்பனிடம் வாய்விட்டுச் சொன்னான். மத்தியானமட்டும் தாயின் மடியில் இருந்தான். அவன் மரித்தபின் மலைக்கு ஓடிவந்து காலைப் பிடித்த அந்தச் சூனேம் ஊராளைக் கேயாசி தள்ளிவிடப் பார்த்தான். எலிசாவோ அவனைத் தடுத்து, அவளுடைய துக்கத்தின் காரணத்தைக் கர்த்தர் தனக்கு வெளிப்படுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டான். தீர்க்கதரிசியே 'எனக்குத் தெரியாது' என்று சொல்லக்கூடுமானால், வார்டுக்குப் போகும் நாம் ஏன் எல்லாம் வெளிப்பட்டதுபோலப் பேசவேண்டும்?

போகும்போது இருபது பேராகப் போகாதிருங்கள். யவீருவின் வீட்டில் ஆண்டவர் இரைச்சலிட்ட கூட்டத்தை வெளியே அனுப்பினார். சளியோ இருமலோ இருந்தால் போகவே வேண்டாம், தொலைபேசியில் ஜெபியுங்கள். கைகளைச் சோப்பினால் கழுவிய பின்பே பிள்ளையைத் தொடுங்கள். உரத்த சத்தம் தேவையில்லை; பக்கத்துப் படுக்கையிலும் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது.

"எதற்காக ஜெபிக்கட்டும், கண்ணே?" என்று பிள்ளையையே கேளுங்கள். ஊசி வலிக்கக் கூடாது என்று சொல்லலாம், உதிர்ந்த முடி சீக்கிரம் வளரவேண்டும் என்று சொல்லலாம். கேட்டதற்காகவே ஜெபியுங்கள். "அங்கிள், நான் செத்துப்போவேனா?" என்று கேட்டுவிட்டால், "சீ, அப்படிப் பேசாதே" என்று அதட்டாதிருங்கள். "அந்த நினைவு உனக்கு வருகிறதா? சொல்லு" என்று கேட்டுக் காத்திருங்கள். 'அம்மா கூட வருவாளா' என்ற பயம் அதற்குள் இருக்கலாம். பொய் சொன்னதற்குத் தண்டனையோ என்ற பயமும் இருக்கலாம். யோவான் 9-இல் சீஷர்கள் கேட்ட கேள்விக்கு ஆண்டவர் மகன்மேலும் குற்றம் வைக்கவில்லை, பெற்றோர்மேலும் வைக்கவில்லை. அதைப் பிள்ளையிடம் தெளிவாய்ச் சொல்லுங்கள். தாயிடமும் சொல்லுங்கள், மாமியார் கேட்கும்படியாகச் சொன்னால் இன்னும் நல்லது.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவர் அளவோடு கொடுக்கும் மார்ஃபின் நம்பிக்கை அற்றுப்போனதற்கு அடையாளமல்ல. குணமாக்கும் சிகிச்சை நடந்தாலும் நடவாவிட்டாலும், பிள்ளையின் உடல், மனம், ஆவி மூன்றுக்குமான ஆதரவு வியாதி கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வகுத்த கருத்து. இந்தியாவில் 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டதே, இத்தகைய வலி நிவாரண மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதாய்க் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான். வலியால் துடிக்கும் பிள்ளை எதைப் பேசும்?

சபையில் இந்தி நன்றாய்த் தெரிந்த சகோதரி ஒருவர் மருத்துவரைக் காணும் நாளில் கூடச் செல்லட்டும். பிள்ளை அன்றைக்கு நோயாளியாக மட்டும் இருக்கட்டும். வெளியூரிலிருந்து வருவோருக்காக 2006-இல் மும்பையில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ், புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைகளையும் பெற்றோரையும் இலவசமாய்த் தங்கவைக்கிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கேட்டால் வழிகாட்டுவார். வீட்டில் விடப்பட்ட அண்ணனையும் தங்கையையும் மறவாதிருங்கள். அவர்களுடைய பள்ளிக் கூட்டத்திற்கு இந்த மாதம் யார் போவது?

ஜெபித்தும் சில பிள்ளைகள் கர்த்தரிடத்தில் போய்விடுகிறார்கள். அடக்க ஆராதனைக்குத் திரளாய் வருகிறோம். மூன்றாம் வாரம் அந்த வீட்டுக் கதவை ஒருவரும் தட்டுவதில்லை. பிள்ளையின் பெயரைச் சொன்னால் தாய் அழுவாளே என்று பெயரையே விட்டுவிடுகிறோம். போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சபையின் பிறந்தநாள் குறிப்பேட்டில் அந்தப் பெயரை அடித்துவிடாதிருங்கள். அந்தத் தேதி வரும்போது மாலையில் ஓர் அரை மணி நேரம் அந்த வீட்டிற்குப் போய், பிள்ளையைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.