தெரிந்துகொள்வோம்: நடுவீதியில் வண்டி நின்றுவிட்டால்



கணவரை இழந்தபின், அல்லது அவர் திரும்பி வராத நிலையில், எங்களில் சிலர் பாடசாலை வானோ வாடகைக் காரோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம். பின் ஆசனத்தில் பிள்ளைகள் இருக்க, வெள்ளவத்தைக் காலி வீதி நெரிசலில் அக்சிலேற்றரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காமல் துடித்து நின்றால் என்ன செய்வது? சோதனைச்சாவடிகள் நிறைந்திருந்த நாட்களில் வண்டி வீதியில் நின்றாலே நெஞ்சு நடுங்கும். இன்று பயப்பட வேண்டியது பின்னால் வேகமாக வரும் பஸ்ஸுக்கு.

இப்படி நிற்பதற்குப் பெற்றோல் பம்ப் பழுதாவது ஒரு முக்கிய காரணம். இன்றைய கார்களில் இது பெற்றோல் தாங்கிக்குள்ளேயே இருக்கும் சிறிய மின்மோட்டார். பெற்றோலை அழுத்தத்துடன் என்ஜினுக்குத் தள்ளுவதுதான் அதன் வேலை. அழுத்தம் குறைந்தால் என்ஜின் பட்டினி கிடக்கும்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பழைய கார்பரேற்றர் வண்டிகள் அதைத் தாங்கின. இன்றைய வண்டிகள் தாங்கா. 2011இல் தரமற்ற பெற்றோல் நாட்டுக்குள் வந்தபோது பல வாகனங்களின் பம்புகள் பழுதாகின. முறையிட்டவர்களுக்கு நட்டஈடு தருவதாக அரசாங்கம் அறிவித்தது. பற்றுச்சீட்டை எறியாமல் வைப்பது இப்படியான நேரத்தில்தான் உதவும்.

பம்பே குறையுடன் தயாரிக்கப்படுவதும் உண்டு. ஜப்பானின் டென்சோ நிறுவனம் செய்த சில பம்புகளில், உள்ளே சுழலும் பிளாஸ்ரிக் சில்லு பெற்றோலில் ஊறி வீங்கி இறுகிவிடும். இதனால் 2020 முதல் டொயோட்டா, ஹொண்டா முதலிய நிறுவனங்கள் இலட்சக்கணக்கான வாகனங்களைத் திருப்பி அழைத்துப் பம்பை மாற்றின. எங்கள் வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் பாவித்து வந்தவை. உங்கள் வண்டியின் செசி இலக்கத்தைக் கொடுத்து, அது இந்த அழைப்பில் அடங்குகிறதா என்று முகவரிடம் கேளுங்கள்.

முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்:
• பின் ஆசனத்துக்கு அடியில் இரைச்சல்.
• ஏற்றத்திலும் வேகத்திலும் வண்டி திணறுதல்.
• சூடானபின் நின்று, ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆகுதல்.
• சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பியதும் இரண்டு விநாடி கேட்கும் மெல்லிய ரீங்காரம் கேட்காமல் போதல்.

ஓடும்போது நின்றால்:
• நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாக மினுங்க விடுங்கள்.
• வேகம் இருக்கும்போதே இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஸ்டியரிங் பாரமாகும், பலமாகத் திருப்புங்கள்.
• பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே முறையாக அழுத்திப் பிடியுங்கள்.
• வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியைக் கழற்றாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.
• பிள்ளைகளை இடப்பக்கக் கதவால் இறக்கி, வண்டிக்கு அருகில் நிற்காமல் தூரமாக நிறுத்துங்கள்.

பெற்றோலில் மூழ்கியிருப்பதால்தான் பம்ப் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆகவே தாங்கி கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். 2022இல் வரிசையில் நின்று, கிடைத்த கொஞ்சத்தில் ஓடியவர்களுக்கு இது முடியாத காரியமாக இருந்தது. இன்று கையில் காசு குறைவென்றாலும், தாங்கியைக் காயவிட்டு நிரப்புவதைவிட இடைக்கிடை கொஞ்சம் நிரப்புவது நல்லது. இரண்டுக்கும் செலவாகும் பெற்றோல் ஒன்றுதான்.

கராஜில், "பொம்பிளைக்கு என்ன தெரியும்" என்று நினைத்து நேரே பம்பை மாற்றச் சொல்பவர்களும் இருப்பார்கள். முதலில் பியூஸ், றிலே, பெற்றோல் பில்ரர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை பழுதானாலும் வண்டி இப்படித்தான் நிற்கும், ஆனால் செலவு மிகக் குறைவு. பிறகு மீற்றர் வைத்து அழுத்தத்தை உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய பம்பையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

நாலு கேள்வி கேட்கத் தெரிந்தவளிடம் விலை சொல்பவர் யோசித்துத்தான் சொல்வார். இந்தப் பக்கத்தை வெட்டி வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.