நீராவிக் கப்பல்களுக்கு யார் பொறுப்பு?

தில்லியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த லக்ஷ்மிபாய் நகரில் இருந்து சிறிது தொலைவிலேயே சாணக்கியபுரி தேசிய ரயில் அருங்காட்சியகம் உள்ளது. 1977-ல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்த "ஃபேரி குயின்' என்ற நீராவி என்ஜின், 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தயாரானது. 1909-ல் ஓய்வு பெற்ற அந்த என்ஜின் 88 ஆண்டுகளுக்குப் பிறகு 1997-ல் மீண்டும் தண்டவாளத்தில் ஓடியது. 2011-ல் அதன் பாகங்கள் திருடுபோனபோது, பழுது நீக்கி உயிர் கொடுத்தவர்கள் சென்னை பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள்.

ரயில்வேயால் இது முடிந்ததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. என்ஜினுக்கு உரிமையாளர் யார், அதைப் பராமரிக்க வேண்டியவர் யார், பழுது பார்க்கும் பணிமனை எது என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே தெளிவான விடை இருந்தது. இதே கேள்விகளை நீரில் ஓடிய நீராவிக் கலங்களைக் குறித்துக் கேட்டால் தில்லியில் எந்த அமைச்சகத்திடமும் விடை கிடைப்பது கடினம்.

கொல்கத்தா துறைமுகத்தின் "பி.எஸ். போபால்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1940-களில் ஸ்காட்லாந்தின் டம்பார்டன் நகரில் கட்டப்பட்ட, பக்கவாட்டில் துடுப்புச் சக்கரங்கள் கொண்ட நீராவிக் கப்பல் அது. சுமார் 63 மீட்டர் நீளம் கொண்டது. பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த அந்தக் கப்பலை, 2019-ல் துறைமுக நிர்வாகம் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு அளித்தது. சீரமைக்கப்பட்ட கப்பல் "பெங்கால் பேடில்' என்ற புதிய பெயருடன் ஹூக்ளி நதியில் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் கலமாக மாறியது.

இரும்புக் கடைக்குப் போக வேண்டிய கப்பல் காப்பாற்றப்பட்டதை யாரும் குறை கூற முடியாது. ஆனால், ஒரு துறைமுக நிர்வாகம் அக்கறை கொண்டதாலும், ஒரு நிறுவனம் முதலீடு செய்ய முன்வந்ததாலும் மட்டுமே அது பிழைத்தது. இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அதைத் தடுத்துக் காப்பாற்றச் சட்டத்தில் வழி இல்லை. பழைய கப்பலைப் புதுப்பிக்கும்போது எந்தப் பாகங்களை மாற்றலாம், எவற்றை மாற்றக் கூடாது என்று கூறும் தேசிய விதிமுறையும் இல்லை. வரலாற்றுச் சின்னத்தைக் காப்பதற்கும் மிதக்கும் உணவகத்தை அமைப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குத்தகை ஒப்பந்தம் மட்டுமே தீர்மானிக்கும் நிலை ஏற்புடையதல்ல.

பிழைக்காமல் போன கப்பல்களின் கதை இதைவிடக் கசப்பானது. நீராவி விசையாழிகளால் இயங்கிய விமானந்தாங்கிக் கப்பலான முதல் "விக்ராந்த்', 1971 போரில் வங்கக் கடலில் பெரும் பங்காற்றியது. 1997-ல் ஓய்வு பெற்று, 2001 முதல் 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக விளங்கியது. நிரந்தரமாக நிறுத்தி வைக்க இடமும் நிதியும் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை சென்றும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த அனுபவத்தில் இருந்து பாடம் கற்றோமா என்றால் அதுவும் இல்லை. 2017-ல் ஓய்வு பெற்ற "விராட்' கப்பலும் 2020-ல் 38.54 கோடி ரூபாய்க்கு குஜராத்தின் அலங் உடைப்புத் தளத்துக்குச் சென்றது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உடைப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. எனினும், கணிசமான பகுதி ஏற்கெனவே உடைக்கப்பட்டு விட்டதால் ஏப்ரலில் மனு தள்ளுபடியானது. காலம் கடந்த பிறகு நீதிமன்றத்தை நாடிப் பயனில்லை என்பதே இரண்டு வழக்குகளும் உணர்த்தும் உண்மை.

அதே கடற்படையின் "குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல் 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்று, 2002 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே மாநில அரசும் நகர வளர்ச்சி ஆணையமும் பொறுப்பேற்றன. இடம் முன்கூட்டியே முடிவானது. நீர்மூழ்கியை விட விமானந்தாங்கிக் கப்பல் பல மடங்கு பெரியது, செலவும் அதிகம் என்பது உண்மைதான். ஆனால், கப்பல் ஓய்வு பெறும் நாளிலேயே பொறுப்பாளரை முடிவு செய்வதற்கு எந்தச் செலவும் இல்லை.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது இங்கேதான் உள்ளது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள், இடங்களுடன் பொருள்களையும் காப்பது அரசின் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு. ஆனால், 1958-ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டம் கட்டடங்களையும் தொல்லியல் இடங்களையும் மனதில் கொண்டு இயற்றப்பட்டது. குறைந்தது 100 ஆண்டு வயதையும் எதிர்பார்க்கிறது. உப்பு நீரில் நிற்கும் இரும்புக் கப்பல் 100 ஆண்டுகள் காத்திருக்காது.

1917-ல் இயற்றப்பட்ட உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டத்தின் பெயரில் இருந்து "நீராவி' என்ற சொல்லே பின்னாளில் நீக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2021-ல் புதிய சட்டம் வந்தது. கப்பல்களை உடைப்பதை ஒழுங்குபடுத்த 2019-ல் தனிச் சட்டம் நிறைவேறியது. உடைப்பதற்குச் சட்டம் இயற்ற நேரம் கிடைத்த அவைகளுக்கு, எதை உடைக்கக் கூடாது என்று விவாதிக்க நேரம் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் 50 ஆண்டு கடந்த வரலாற்றுக் கப்பல்களுக்குத் தேசியப் பதிவேடு உள்ளது. போபாலின் சமகாலத்தைச் சேர்ந்த "வேவர்லி' என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் 1974-ல் ஒரே ஒரு பவுண்டு விலைக்கு ஆர்வலர் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கொதிகலன்கள் மாற்றப்பட்டு, இன்றும் அது நீராவியிலேயே பயணிகளை ஏற்றிச் செல்கிறது.

தமிழர்களுக்கு இதில் தனி வருத்தம் உண்டு. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ. சிதம்பரனாரின் "காலியா', "லாவோ' கப்பல்களைக் காட்டி, இதில்தான் சுதேசிக் கொடி பறந்தது என்று பேரப்பிள்ளைகளிடம் கூற இன்று வழியில்லை. அன்று அடிமை நாடு, குற்றம் நம்முடையதல்ல. விக்ராந்தும் விராட்டும் உடைந்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

குஜராத்தின் லோத்தலில் தேசிய கடல்சார் பாரம்பரிய வளாகத்தை விரிவுபடுத்த 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பல நூறு கோடி ரூபாயில் மாதிரிகளும் காட்சிக் கூடங்களும் அமைப்பது நல்லதே. ஆனால், மாதிரிக்குச் செலவிட்டு அசலைப் பழைய இரும்பு விலைக்கு விற்பது பாரம்பரியப் பாதுகாப்பு ஆகாது.

துறைமுகங்களிலும் நதித்துறைகளிலும் எஞ்சியுள்ள பழைய கலங்களைக் கணக்கெடுத்துத் தேசியப் பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும். அதில் இடம்பெறும் கலத்தை விற்கும் முன் நாடாளுமன்ற நிலைக்குழுவின் கருத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சீரமைப்பு நிபந்தனைகளை மக்கள் அறியச் செய்ய வேண்டும். பெரம்பூரில் உள்ளது போன்ற கைத்திறன் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் தலைமுறை ஓய்வு பெறும் முன்பாக இதற்கான மசோதா அவைக்கு வருமா என்பதே கேள்வி.