கத்துகிறவரை விட்டுவிட்டு, பேசாமல் கிடப்பவரிடம் டாக்டர் ஏன் ஓடுகிறார்?

குற்றால சீசன் வந்துவிட்டால் கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஓய்வதில்லை. அந்தச் சாலையை ஒட்டியே வாழும் கடையநல்லூர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஒரே விபத்தில் அடிபட்ட இருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கால் முறிந்து, வலியில் கத்துகிறார். இன்னொருவர் பேசாமல் கிடக்கிறார். டாக்டர் இரண்டாமவரிடம் போகிறார். "எங்க ஆளு இப்படித் துடிக்கிறாரே, கண்ணு தெரியலையா?" என்று உறவினர்கள் சண்டைக்கு நிற்பது இங்கேதான்.

கத்துகிறவருக்கு இப்போதைக்கு மூச்சு இருக்கிறது, நினைவும் இருக்கிறது. அந்தச் சத்தமே சாட்சி. பேசாதவருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கலாம். வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். இளவயதினருக்கு நிறைய ரத்தம் போன பிறகுதான் பிரஷர் இறங்கும். அதற்கு முன்பே நாடி வேகமெடுக்கும், கைகால் சில்லிடும். டாக்டர் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடல் முழுக்க என்பதுதான் பரிசோதனையின் வரிசை. இது உலகெங்கும் பரவக் காரணமும் ஒரு விபத்துதான். 1976-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிச் சென்ற சிறிய விமானம் விழுந்தது. மனைவி இறந்துபோனார். குழந்தைகளுக்குச் சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் குறைகள் அவரை உலுக்கின. அதிலிருந்து 1978-ல் பிறந்ததுதான் 'ஏ.டி.எல்.எஸ்.' பயிற்சி.

தமிழக அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதும் இதே கணக்கில்தான். பச்சை என்றால் அலட்சியம் அல்ல. காத்திருந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்று அர்த்தம். ஆனால், காத்திருப்பவர் வாந்தி எடுத்தாலோ, உளறினாலோ, தூக்கத்தில் சரிந்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நிறம் மாறலாம்.

உறவினர்கள் தர வேண்டிய முக்கியத் தகவல், அடிபட்ட நேரம். ரத்தப்போக்கைக் குறைக்கும் 'டிரானெக்ஸாமிக் அமிலம்' ஊசியை 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ஆய்வு 2010-ல் வெளியானது. 3 மணி நேரத்துக்குள் போட்டால் உயிர் காக்கிறது. தாமதமானால் கெடுதலாகவும் முடியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா, சர்க்கரை உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அழைக்க வேண்டிய எண் 108.